நள்ளிரவு வகுப்பறை: பொது அலைவரிசை யாருக்குரியது?

பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 சனவரியில் பி.பி.சி. 2 தொலைக்காட்சியில் தொடங்கிய பாட ஒளிபரப்பு, 2006 டிசம்பரோடு நின்றது. பி.பி.சி. 1995இல் தொடங்கிய ‘லேர்னிங் சோன்’ என்னும் இரவுநேரக் கல்வி ஒளிபரப்பும் 2015இல் முடிவுக்கு வந்தது. குறுவட்டும் இணையமும் வந்த பிறகு நள்ளிரவுப் பாடங்களுக்குத் தேவையில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த விளக்கம் முழுமையானதன்று. தொழில்நுட்பம் மாறியபோது கல்வியின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

‘வான்வழிப் பல்கலைக்கழகம்’ என்ற கருத்தை 1963இல் முன்வைத்தவர் தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன். அதற்கு உருவம் கொடுத்தவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளான அமைச்சர் ஜென்னி லீ. சேர்க்கைக்கு முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. முதலாண்டிலேயே சுமார் 24,000 பேர் சேர்ந்தனர். தொடக்கத்தில் மாலையிலும் வார இறுதியிலும் வந்த பாடங்கள், பொதுநிகழ்ச்சிகள் பெருகப் பெருக அதிகாலைக்கும் நள்ளிரவுக்கும் தள்ளப்பட்டன. பிறருக்குத் தேவைப்படாத நேரமே உழைப்பவரின் கல்விக்கு ஒதுக்கப்பட்டது. ஒளிபரப்பைப் பதிவுசெய்து பின்னர் பார்க்க வீடியோ கருவி வைத்திருந்தவருக்கு இது பெரிய இடையூறன்று. இல்லாதவர் தூக்கத்தைத் துறக்க வேண்டியிருந்தது. விலக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது.

இரவுக்கும் ஒடுக்கப்பட்டோர் கல்விக்கும் உள்ள தொடர்பு நமக்குப் புதிதல்ல. சோதிராவ் பூலேவும் சாவித்திரிபாய் பூலேவும் உழவர்களுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் 1855இல் இரவுப்பள்ளி நடத்தினர். பகல் முழுவதும் பிறருக்காக உழைத்தவருக்கு எஞ்சியிருந்தது இரவு மட்டுமே. அவர்கள் இருந்த நேரத்திற்குப் பள்ளி வந்தது என்பதே அதன் சிறப்பு.

இந்திய அரசின் ஒளிபரப்புகள் இந்தப் பாடத்தை எந்த அளவுக்குக் கற்றன? பல்கலைக்கழக மானியக் குழு 1984இல் தூர்தர்சனில் தொடங்கிய ‘நாடுதழுவிய வகுப்பறை’, பெரும்பாலும் ஆங்கிலத்தில், வேலைக்குச் செல்வோர் வீட்டிலில்லாத பகல்வேளையில் வந்தது. 2017இல் 32 அலைவரிசைகளோடு தொடங்கிய ‘சுயம் பிரபா’, ஒவ்வொரு நாளின் பாடத்தையும் இரவு பகலாக மறுஒளிபரப்பும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஆயினும் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, நாடெங்கும் பல இடங்களில் வகுப்பு என்பது திறன்பேசி என்றாகிவிட்டது. 2017–18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, இணைய வசதி இருந்த குடும்பங்கள் நாட்டில் சுமார் 24 விழுக்காடு. ஊரகத்தில் சுமார் 15 விழுக்காடு மட்டுமே. ஒற்றைத் திறன்பேசியையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடும் வீட்டில், ‘எந்நேரமும் கற்கலாம்’ என்ற வாக்குறுதிக்குப் பொருளில்லை.

பொது அலைவரிசையில் வரும் பாடத்திற்குத் தனியாகத் தரவுக் கட்டணம் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. இணையத்திலோ ஒவ்வொரு மணிநேரப் பாடத்திற்கும் மாணவரே செலவு செய்கிறார். உரிமையாக இருந்தது, அரசாணை எதுவுமின்றியே, வாங்கும் பொருளாகிவிடுகிறது.

அதற்காகத் தொலைக்காட்சியே போதுமென்று சொல்லிவிட முடியாது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நிலைநிறுத்தியவை திரையோடு சேர்ந்து வந்த அச்சுப்பாடங்கள், வழிகாட்டி ஆசிரியர்கள், கோடைக்கால நேரடி வகுப்புகள். ஐயம் கேட்க ஆளில்லாத ஒளிபரப்பு, வகுப்பறைக்கு ஈடாகாது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். பொதுக் கல்வி ஒளிபரப்பு, உழைக்கும் குடும்பங்கள் வீடு திரும்பிய பின்னரும் தாய்மொழியில் கிடைக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் சேரிகளின் சமுதாயக் கூடங்களிலும் அதைக் காண இடமும், உடனிருந்து விளக்க ஊதியம் பெறும் ஆசிரியரும் வேண்டும். ஒரு பொது வசதியை மூடும்முன், அதற்கு மாற்றாக வருவது கடைசி மாணவரையும் எட்டிவிட்டதா என்பதை அரசு மெய்ப்பிக்க வேண்டும். அதுவரை பழையதை நிறுத்த அதற்கு உரிமையில்லை.