ஊட்டத்தூர்க் கடலின் வயது

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டுச் சமயபுரம் போகிறவர்கள், இன்னும் கொஞ்சம் வடக்கே ஊட்டத்தூர் வரை போவது அபூர்வம். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய பாறைகளில் கிடைத்த முள்ளெலும்புகளுக்குத்தான் 1879இல் புதைபடிவ ஆய்வாளர் லிடெக்கர் ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார்; மீன் உருவில் நீந்திய ஊர்வன. பக்கத்தில் காரை என்ற ஊரின் பள்ளங்களில் அவ்வகை ஊர்வனவற்றின் பற்களும் கிடைத்தன. வயது சுமார் 10 கோடி ஆண்டு. எலும்பைப் பார்த்து யாரும் இதைச் சொல்லிவிடவில்லை. கூடவே புதைந்த, அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரிகளின் ஓடுகள் எந்தக் காலகட்டம் என்று காட்டின. அக்காலகட்டத்துக்கு ஆண்டுக்கணக்குத் தர உதவியது, அமெரிக்காவில் அதே கால வண்டலுக்கு நடுவே படிந்த எரிமலைச் சாம்பல். அதிலுள்ள சிர்க்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியது என்று அளக்கிறார்கள். நம் ஊர் எலும்புக்கு அயல்நாட்டுச் சாம்பல் சாட்சி! ஆனால் அந்தச் சாட்சி செல்ல, எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு வேண்டும். காரைக்குப் போய் ஓடுகளைப் பையில் அள்ளி வருவதை நான் ஆர்வம் என்று சொல்ல மாட்டேன். ஆவணத்தைக் கிழிப்பது அது. சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்துக்கு வேலி இருக்கிறது. காரைக்கும் ஒரு காவலாளி வேண்டும், உடனே.