அறுபது வயசு டிரம்மை அரை மணி நேரத்தில் கொல்வது எப்படி?

ஒரு பழைய டிரம் நாசமாவதற்கு மழையோ கறையானோ தேவையில்லை. ஒரு டிரில் மெஷின், தப்பான அளவில் ஒரு ஸ்க்ரூடிரைவர், லீவு நாளில் சும்மா இருக்க முடியாத ஒரு ஆள். இந்த மூன்றும் போதும். அறுபது வருஷம் தாக்குப் பிடித்த மர உருளை அரை மணி நேரத்தில் காலி. கேட்டால் இதற்குப் பெயர் "ரெஸ்டோரேஷன்" என்பார்கள். நல்ல காமெடி!

எந்த டிரம்மைப் பற்றிய பேச்சு இது? 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில், எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்தார்கள். ரிங்கோ ஸ்டார் முன்னால் இருந்த பேஸ் டிரம்மில் 'லுட்விக்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பெயர். அவ்வளவுதான். ஊரில் இருந்த பையன்களுக்கெல்லாம் அந்த டிரம்தான் வேண்டும். சிகாகோவில் டேமன் அவென்யூவில் இருந்த லுட்விக் ஆலை இரவு பகலாக ஓடியது. அந்தக் காலத்து ஷெல், அதாவது மர உருளை, பெரும்பாலும் மேப்பிள், பாப்லர், மஹோகனி என்று மூன்று அடுக்கு மெல்லிய பலகைகளை ஒட்டி வளைத்தது. இரண்டு விளிம்பிலும் பலத்துக்கு ஒரு மர வளையம்.

1981-ல் செல்மர் நிறுவனம் லுட்விக்கை வாங்கியது. 1984-ல் உற்பத்தி வட கரோலினாவில் உள்ள மன்றோவுக்குப் போய்விட்டது. ஆக, சிகாகோ ஷெல் இனிமேல் ஒன்றுகூடப் புதிதாக வரப் போவதில்லை. இருப்பதன் எண்ணிக்கை ஒரே திசையில்தான் போகும், கீழே.

அக்கவுண்டன்சி புத்தகம் என்ன சொல்கிறது? எந்த மெஷினுக்கும் தேய்மானம் உண்டு. வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்து எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் ஸ்கிராப் விலையில் முடிக்க வேண்டும். பழைய டிரம் இந்தக் கணக்குக்கு அடங்காது. ரிங்கோவின் முதல் லுட்விக் செட் 2015-ல் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. எல்லா டிரம்மும் ரிங்கோ டிரம் ஆகாது, சரி. ஆனால் காலம் இந்தப் பொருளின் மதிப்பைத் தின்னவில்லை என்பது புரிகிறது இல்லையா? தின்பது மனுஷன் கை. அதுவும் "சரி பண்றேன்" என்று வருகிற கை.

ஷெல்லில் இருக்கும் பழைய இரும்புச் சாமான்களைக் கழற்றும் இடத்தில்தான் முக்கால்வாசிக் கொலை நடக்கிறது. தோலை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் போய் மாட்டும் உலோகத் துண்டுக்கு லக் என்று பெயர். அது துத்தநாகக் கலவையில் வார்த்தது, உள்ளே வெற்றிடம். அதை ஷெல்லுக்கு உள்பக்கத்திலிருந்து எஃகு ஸ்க்ரூ பிடித்திருக்கும். அறுபது வருஷ ஈரத்தில் இரண்டும் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். இதைப் பலத்தால் திருகினால் என்ன ஆகும்? ஸ்க்ரூ தலை மழுங்கும், அல்லது லக்கின் மரை பிய்யும், அல்லது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி மரத்தில் கோடு போடும். பிறகு கோபத்தில் டிரில் வெளியே வரும். கதை முடிந்தது.

இத்தனைக்கும் சரியான வழி ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

1. ஸ்க்ரூவின் வெட்டில் அகலத்திலும் கனத்திலும் முழுசாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். "கிட்டத்தட்ட" சரியாக இருப்பது போதாது.

2. துரு இளக்கும் எண்ணெயை ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. பல்குச்சி நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஸ்க்ரூ மேல் வைத்துவிட்டு ஒரு ராத்திரி விட வேண்டும். மரம் எண்ணெயைக் குடிக்கும், குடித்த கறை போகவே போகாது.

3. முதலில் மயிரிழை அளவு இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். துருவின் பிடி அப்படித்தான் விடும்.

4. சூடு தேவைப்பட்டால் சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் மட்டும் வைக்கலாம். ஷெல் மேல் ஹீட் கன் கூடவே கூடாது. வெளியே ஒட்டியிருக்கும் பழைய முத்து நிற உறைகளில் செல்லுலாய்டு வகையும் உண்டு, அது எளிதில் தீப்பிடிக்கும்.

5. ஸ்க்ரூ வந்த பிறகும் லக் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்பக் கூடாது. பல் இடுக்கில் விடும் நூலை இடையில் விட்டு மெதுவாக அறுத்தால் தானாக விடும்.

6. பேட்ஜைத் தொடவே கூடாது. ஷூ லேஸ் ஓட்டையில் இருப்பது போன்ற ஒரு உலோக வளையம்தான் அதைப் பிடித்திருக்கிறது. உள்பக்கம் மடிந்திருக்கும் அதைப் பிய்க்காமல் பேட்ஜ் வராது. சுத்தம் செய்ய வேண்டுமா? இருக்கும் இடத்திலேயே செய்யலாம்.

7. எந்த லக் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று குறித்து, ஸ்க்ரூவையும் வாஷரையும் தனித்தனி கவரில் போட வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ.

கவரில் போடுவதெல்லாம் ஓவர் என்று சிரிப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். லுட்விக் லக் ஸ்க்ரூ அமெரிக்க 8-32 மரை. விட்டம் சுமார் 4.2 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்கு 32 சுற்று. அது தொலைந்துவிட்டது, பக்கத்துக் கடையில் 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூ கிடைக்கிறது. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், இரண்டு சுற்று உள்ளேயும் போகும். ஆனால் சுற்று இடைவெளி வேறு. அதன் பிறகு இறுக்கினால் லக்கின் மரை சீவிக்கொண்டு வந்துவிடும். ஒரு ஸ்க்ரூவின் சோம்பேறித்தனத்துக்கு ஒரு லக் பலி.

எதிர்க்கட்சி வாதமும் உண்டு. "டிரம் வாசிக்கத்தானே? மியூசியத்திலா வைப்பது? ரிங்கோவின் லுட்விக்கிலேயே ரோஜர்ஸ் கம்பெனியின் டாம் ஹோல்டர்தானே மாட்டியிருந்தது? அவர் மாற்றலாம், மற்றவர்கள் மாற்றக் கூடாதா?"

நியாயமான கேள்வி. பதிலும் நேரானது. அன்று அது புது டிரம். ஒன்று வீணானால் டேமன் அவென்யூவில் இன்னொன்று தயாராகிக்கொண்டிருந்தது. இன்று அந்தக் கதவு மூடியிருக்கிறது. வாசிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாசிக்காத டிரம் வெறும் பீப்பாய்தான். தோலை மாற்றலாம், ஸ்டாண்டை மாற்றலாம், வேண்டாத லக்கைக் கழற்றி வேறு மாட்டலாம், பழைய ஓட்டையிலேயே பொருந்துமானால். எது திரும்பப் பழையபடி ஆகுமோ அதெல்லாம் செய்யலாம். ஓட்டை திரும்ப மரமாகாது. 1970-களிலேயே ஒரு தலைமுறை கீழ்த்தோலைக் கழற்றிப் போட்டும், உறையை உரித்தும், பெரிய ஹோல்டருக்கு ஓட்டை போட்டும் பார்த்துவிட்டது. அந்த ஓட்டைகளை இன்றைக்கு வாங்குகிறவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் இதைவிட மோசம். முழு டிரம்மைப் பிரித்து லக் தனி, ரிம் தனி, பேட்ஜ் தனி என்று விற்கிறார்கள். தனித்தனியாக விற்றால் லாபம் அதிகம் வரலாம், மறுப்பதற்கில்லை. வீட்டை இடித்துக் கதவு தனி, ஜன்னல் தனி விற்றாலும் காசு வரும். ஆனால் அந்த வரவு செலவுப் புத்தகத்தில் ஒரு வரி எப்போதும் விடுபட்டுப்போகிறது: அங்கே ஒரு வீடு இருந்தது.

டிரம் வாங்கியவர் அதன் முதலாளிதான், சந்தேகமில்லை. ஆனால் அறுபது வயசுப் பொருளுக்கு அவர் கடைசி முதலாளி இல்லை. அடுத்தவர் கைக்குப் போகும்போது அதில் புதிதாக ஒரு ஓட்டைகூட இல்லை என்றால், அவர்தான் நல்ல மெக்கானிக். மற்றவர்கள் தயவுசெய்து டிரில் மெஷினைச் சுவரில் படம் மாட்ட மட்டும் வைத்துக்கொள்ளட்டும் :-)