படகுச்சீட்டு நியாயம், நுழைவுச்சீட்டு அநியாயம்

வெனிஸுக்குச் சென்று திரும்பும் நம்மவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இரண்டு கூற்றுகள் தவறாமல் இடம்பெறுகின்றன. முதலாவது: அங்கே ஒரு படகுச்சீட்டு 9.50 யூரோ, பகற்கொள்ளை. இரண்டாவது: நகருக்குள் நுழையவே 5 யூரோ வாங்குகிறார்கள், வாங்கட்டுமே, கூட்டமாவது குறையும். இவ்விரண்டையும் நான் மறுக்கிறேன். கொள்ளை எனப்படுவதே நியாயமான கட்டணம். நியாயம் எனப்படுவதே ஒரு நகரத்தின் மீது நிகழ்த்தப்படும் அவமதிப்பு.

படகிலிருந்து தொடங்குகிறேன். பியாத்சாலே ரோமா என்னும் திடலோடு பேருந்தும் மகிழுந்தும் நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் காலும் படகுமே கதி. ‘வாப்பரெட்டோ’ என்னும் அந்தப் படகை நம்மவர்கள் உல்லாசப் படகாகக் கருதுகின்றனர். அது நகரப் பேருந்து. பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் செல்கின்றனர். ஜொவான்னி எ பாவொலோ மருத்துவமனைக்குப் பணிக்குச் செல்லும் செவிலியர், சந்தைப் பையை இழுத்துக்கொண்டு வரும் மூதாட்டி, சான் மிக்கேலே கல்லறைத் தீவுக்குப் பூங்கொத்துடன் போகும் முதியவர் ஆகிய அனைவருக்கும் அதுவே வழி. பெருங்கால்வாயில் ஊர்ந்து செல்லும் முதலாம் எண் படகில், ஆளுயரப் பெட்டிகள் இரண்டுடன் ஏறி, இறங்கும் வழியை மறித்து நின்று, முப்பது நிழற்படம் எடுப்பவர் யார்? நாம்தான். துறையில் காத்திருக்கும் மூதாட்டி அடுத்த படகுக்காக நிற்க வேண்டியவராகிறார்.

உள்ளூர்ப் பயண அட்டை வைத்திருப்பவருக்கு அதே பயணம் சுமார் ஒன்றரை யூரோ. இந்த இடைவெளியே நம்மவரைக் கொதிக்க வைக்கிறது. ‘இனப்பாகுபாடு’ என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். தாஜ்மகாலில் இந்தியருக்கு 50 ரூபாய், அயல்நாட்டவருக்கு 1,100 ரூபாய் என்பதை அவர் அறியாதவராக இருக்க முடியாது. நம் சீட்டு கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்க்கிறது. வெனிஸின் சீட்டு அதைப் பார்ப்பதில்லை. மிலானிலிருந்து வரும் இத்தாலியரும் அட்டை இல்லையேல் அதே 9.50 யூரோவைத்தான் செலுத்துகிறார். அயலார் அந்த அட்டையைக் கூடுதல் விலைக்கு வாங்கவும் இயலும். அங்கே வேறுபாடு அன்றாடம் ஏறுபவருக்கும் ஒருமுறை ஏறுபவருக்கும் இடையிலானது. தில்லி மெட்ரோவில் இத்தகைய இரட்டைக் கட்டணம் தேவையில்லை. பல இலட்சம் பயணிகளுக்கு நடுவே சுற்றுலாப் பயணி ஒரு துளி. வெனிஸின் பழைய நகரிலோ ஐம்பதாயிரத்துக்கும் குறைவானோரே வசிக்கின்றனர். வெள்ளமே வெளியிலிருந்து வரும்போது, அதைச் சுமக்கும் படகின் செலவையும் வெளியாரே ஏற்பதில் என்ன பிழை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அரைமணி நேரக் கொண்டோலா சவாரிக்கு நகராட்சி நிர்ணயித்த பகற்கட்டணம் 90 யூரோ. அதை முணுமுணுப்பின்றிக் கொடுத்துவிட்டு, 9.50 யூரோவுக்குப் பொங்குவோரை என்னால் பொருட்படுத்த இயலவில்லை.

உண்மையில் பெரும்பாலோருக்குப் படகே தேவையில்லை. சாந்தா லூசியா ரயில் நிலையத்திலிருந்து சான் மார்க்கோ சதுக்கம் வரை நடந்தால் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். முதலாம் எண் படகும் ஏறத்தாழ அதே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. சுவர்களில் ‘ரியால்தோவுக்கு’, ‘சான் மார்க்கோவுக்கு’ என்று அம்புக்குறியோடு மஞ்சள் பலகைகள் உண்டு; அவற்றைத் தொடர்ந்தால் போதும். முகவரியை நம்பி வீடு தேடுவது மட்டும் வீண். அங்கே கதவெண் தெருவாரியாக ஓடுவதில்லை, வட்டாரவாரியாக ஓடுகிறது. கஸ்தெல்லோ வட்டாரத்தில் ஆறாயிரத்தையும் தாண்டிவிடும். பெருங்கால்வாயைக் கடக்கப் பாலங்கள் நான்கே நான்கு. இடையில் கடக்க வேண்டுமானால் ‘திராகெத்தோ’ என்னும் தோணி உண்டு, வெளியூராருக்கு 2 யூரோ. பல நாள் தங்கிப் புறத்தீவுகளுக்கும் செல்வோருக்கு 72 மணி நேரச் சீட்டு பயன்படும். ஒரே நாளில் ஊர் பார்த்துத் திரும்புபவர் கால்களை நம்பலாம்.

இனி நுழைவுச்சீட்டு. 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. அவ்வாண்டு 29 நாட்கள், அடுத்த ஆண்டு 54 நாட்கள், தாமதமாகப் பதிவு செய்தால் 10 யூரோ. காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை, பகல்நேரப் பயணியிடம் மட்டும். தாஜ்மகாலுக்குச் சீட்டு வாங்குவதைச் சுட்டிக்காட்டிய நானே இதை எதிர்ப்பது முரணன்று. தாஜ்மகால் ஒரு கல்லறை. அதற்கு மதிலும் வாயிலும் உண்டு, இரவில் பூட்டப்படும். வெனிஸ் ஓர் ஊர். அங்கே மனிதர் பிறக்கின்றனர், வழக்காடுகின்றனர், மீன் வாங்குகின்றனர். படகுச்சீட்டு ஒரு சேவைக்கான விலை. நுழைவுச்சீட்டு எந்தச் சேவைக்கானது? தெருவில் நடப்பதற்கானது. நாட்டின் எப்பகுதியிலும் தடையின்றிச் செல்லும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கும் இத்தாலிய அரசமைப்பின் 16ஆம் பிரிவை முன்வைத்து வெனிஸ்வாசிகளே இதை எதிர்த்தனர். கட்டணத்திலிருந்து முற்றிலும் விலக்கு பெற்றவர்கள் எதிர்த்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். தம் ஊர் காட்சிசாலையாக அறிவிக்கப்படுவதை அவர்கள் விரும்பவில்லை.

கூட்டமாவது குறையுமா? முதல் நாளன்று வருகையைப் பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 1,13,000 பேர். கட்டணம் செலுத்தியோர் சுமார் 15,700 பேர். எஞ்சியோர் ஏதேனும் ஒரு விலக்கின் கீழ் வந்தவர்கள். அவர்களில் கணிசமானோர் இரவு தங்குவோர். நகரைக் காப்பதற்கென்று வந்த திட்டம், நகரை உள்ளிருந்து அரிக்கும் தொழிலை அப்படியே விட்டுவிட்டுப் பகல் வழிப்போக்கரிடம் சில்லறை தண்டுகிறது.

ஆம், உள்ளிருந்து அரிப்பது தங்கும் விடுதித் தொழில்தான். 1951இல் பழைய நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வசித்தனர். 2022இல் அது ஐம்பதாயிரத்துக்குக் கீழ் இறங்கியது. மறு ஆண்டே சுற்றுலாப் படுக்கைகளின் எண்ணிக்கை வசிப்போரின் எண்ணிக்கையை விஞ்சிவிட்டதாகக் குடிமக்கள் குழுக்கள் கணக்கிட்டன. ஒரு வீட்டை ஆசிரியர் குடும்பத்துக்கு விடுவதைவிட வார இறுதிப் பயணியருக்கு விடுவதே இலாபமென்றால், ஆசிரியர் பாலம் கடந்து மெஸ்த்ரேக்குக் குடிபெயர்கிறார். 2022இலேயே குறுகியகால வாடகையை வரையறுக்கும் தனி அதிகாரத்தை வெனிஸ் நகராட்சிக்கு இத்தாலிய நாடாளுமன்றம் வழங்கியது. கட்டணத் திட்டம் காட்டிய வேகத்தை அந்த அதிகாரம் காட்டவில்லை. வெனிஸை ‘ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்கள்’ பட்டியலில் சேர்ப்பதா என்று 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ ஆராய்ந்த அதே வாரத்தில்தான் நகர்மன்றம் நுழைவுக் கட்டணத்துக்கு ஒப்புதல் அளித்தது. பட்டியலில் பெயர் சேரவில்லை. யாருக்காக அந்த அவசரம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர்நீதிமன்றம் 2024 மே மாதம் கொண்டுவந்த இ-பாஸ் முறையை இதனோடு ஒப்பிட்டு நண்பர்கள் சிலர் எழுதுகின்றனர். ஒப்புமை பொருந்தாது. இ-பாஸுக்குக் கட்டணமில்லை, அது வாகனங்களைக் கணக்கிடுகிறது, அரசுப் பேருந்தில் வருபவரைத் தடுப்பதில்லை. மலைப்பாதை தாங்கும் வண்டிகள் எத்தனை என்று கேட்பது ஒரு கேள்வி. மனிதர் தெருவில் இறங்க என்ன விலை என்று கேட்பது முற்றிலும் வேறொன்று.

நம்மவர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு, அதில் உண்மையும் உண்டு. சைவ உணவுக் குடும்பத்தார் சமையலறையுள்ள வீட்டைத்தான் தேடுகின்றனர். சோறு வடித்துக் குழம்பு வைக்க ஓட்டல் அறை இடங்கொடாது. அவர்களுக்கு என் விடை இது: வீடு வேண்டுமெனில் அதைப் பழைய நகருக்குள் எடுக்காதீர்கள். மெஸ்த்ரே அதே நகராட்சியைச் சேர்ந்தது. அங்கே இரவு தங்குவோருக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, பதிவு செய்து விலக்குச் சான்று பெற்றால் போதும். சாந்தா லூசியாவுக்கு ரயிலில் பத்து, பன்னிரண்டு நிமிடம். பியாத்சாலே ரோமா வரை டிராம் வண்டியும் ஓடுகிறது. பெட்டிகளை அறையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வாருங்கள்.