எது திருந்த வேண்டும்?

நெல் மகசூல் குன்றினால் மண்ணையும் மழையையும் பழிப்பது நமது வழக்கம். ஆனால் நெல் நீரை விரும்பும் பயிர் அன்று. நீரைச் சகித்துக்கொள்ளும் பயிர். மடகாஸ்கர் தீவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி டி லௌலானி 1983-இல் இவ்வுண்மையைத் தெளிந்தார். இளநாற்றை ஒவ்வொன்றாக இடம்விட்டு நட்டு, வயலை நனைத்தும் காயவிட்டும் வளர்த்தால் வேர் நன்கு பரவும். தூர் மிகுதியாகக் கட்டும். ஏக்கருக்கு 3 கிலோ விதையே போதும். தமிழ்நாட்டில் இதற்குத் 'திருந்திய நெல் சாகுபடி' என்று பெயர்.

அவ்வாறிருக்க, கடைமடைக் குடியானவர் ஏன் நீரைத் தேக்குகிறார்? அறியாமை என்பர் பட்டணத்தார். அது அநியாயம். அடுத்த முறை வாய்க்காலில் நீர் வருமென்ற நிச்சயம் அவருக்கு இல்லை. ஆதலால் வந்தபோதே தேக்கிக்கொள்கிறார். அவருக்கு உபதேசம் செய்யுமுன் வாய்க்காலைத் தூர் வாருவோம். முறை தவறாமல் நீர் விடுவோம். முதலில் திருந்த வேண்டியது வாய்க்கால். சாகுபடி தானே திருந்தும்.