மூச்சின் ஓசை

குழந்தையின் மூச்சில் ஓசை எழுந்தால், ‘சளிதானே’ என்று கஷாயத்தோடு நின்றுவிடும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. ஓசை எப்போது எழுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். மூச்சை வெளியே விடுகையில் சீழ்க்கை போல் கேட்பது பெரும்பாலும் மார்பின் இழைப்பு. மூக்கடைப்பின்றி, உள்ளே இழுக்கையில் கரகரவெனக் கேட்பின் தடை குரல்வளையில் இருக்கக்கூடும். அது தாமதிக்கத் தக்கதன்று.

அத்தகைய குழந்தையைப் படுக்க வைக்கலாகாது. மடியில் நிமிர்த்தி அமர்த்தி, அழாதவாறு தேற்றுக. வாயில் விரலோ கரண்டியோ விடாதீர்கள், ஆகாரமும் கொடுக்காதீர்கள். உடனே 108க்குத் தெரிவியுங்கள். விலா உள்வாங்கி, உதடு நீலம் பாய்ந்த நிலையில் ஓசை குறைந்தால் அது குணமன்று. மூச்சுவழி மூடிக்கொள்வதன் அறிகுறி.

குரல்வளையை அடைக்கும் நோய்களுள் ஒன்று தொண்டை அடைப்பான். அதனையும் சேர்த்துத் தடுக்கும் ஐந்நோய்த் தடுப்பூசியை, 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதன்முதலாக ஏற்றவை தமிழ்நாடும் கேரளமுமே. ஆயினும் 2016இல் மலப்புறம் மாவட்டத்தில் அந்நோய் பரவி உயிர்களைக் கொண்டது. 6, 10, 14 ஆம் வாரங்களில் ஊசி இடுவது முறை. சொந்த ஊரில் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள், ஊசி அட்டையுடன் இங்குள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விட்ட இடத்திலிருந்து இலவசமாகவே தொடரலாம்.