முன்சீப் கேட்ட கேள்வி

படிப்பு முடிந்து, உத்தியோகம் கிடைத்து, கல்யாணமும் ஆகி, குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, வீட்டுக் கடனில் பாதியையாவது அடைத்துவிட்ட பருவத்தில், அதாவது ஊரார் கண்ணுக்கு வாழ்க்கை ஒருவாறு நிலைபெற்றுவிட்டதாகத் தோன்றும் அந்தப் பருவத்திலேதான், மனிதரில் பலருக்குக் காரணம் சொல்லத் தெரியாத ஒரு சலிப்பு வந்து சேருகிறது. குறை என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் இராது. ஆயினும் செய்கிற காரியத்தில் சுவை இராது, செய்ய வேண்டிய காரியம் இன்னதென்றும் தெரியாது. இதை நோய் என்று வைத்தியரிடம் சொல்லவும் முடிவதில்லை, வீட்டில் சொன்னாலோ, "எல்லாம் இருந்தும் என்ன குறைச்சல் உங்களுக்கு?" என்ற பதிலுக்கு மேல் ஒன்றும் கிடைப்பதில்லை.

இதற்கு மருந்து சொல்லும் உபதேசிகளுக்கு இக்காலத்தில் பஞ்சமே இல்லை. கைப்பேசியைத் திறந்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருவராக வந்து, உனக்குள் ஓர் ஆர்வம் உறங்கிக் கிடக்கிறது, அதைத் தட்டி எழுப்பு, பிறகு உலகமே உன் காலடியில் என்று பிரசங்கம் செய்கிறார்கள். இந்த உபதேசத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சலிப்புற்ற மனம் தன்னைத்தானே எவ்வளவு துழாவிப் பார்த்தாலும் அதன் கைக்கு அகப்படுவது பெரும்பாலும் அந்தச் சலிப்பே. அதனால், தேடிக் கிடைக்காதவன் தனக்கு ஆர்வம் என்ற பாக்கியமே இல்லையென்று முடிவுகட்டிக்கொண்டு, முன்னிலும் அதிகமாகச் சோர்ந்துபோகிறான். வயது வந்தவர்களுக்குப் புதிய உற்சாகம் பிறந்த வரலாறுகளைப் பார்த்தால், அது உள்ளேயிருந்து தானாகக் கிளம்பியதாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து யாரோ ஒருவர் கேட்ட கேள்வியாகவோ, கொடுத்த புஸ்தகமாகவோ, சொன்ன செய்தியாகவோதான் அது வந்திருக்கிறது.

தமிழர்க்கு நன்கு தெரிந்த ஒரு வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். 1880ஆம் வருஷத்தில் உத்தமதானபுரம் சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல வருஷம் பாடம் கேட்டு, அவர் 1876இல் காலமான பின்பு திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்து, தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது அவருடைய முயற்சியால் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். சம்பளம் மாதம் ஐம்பது ரூபாய். வறுமையிலேயே வளர்ந்த குடும்பத்துக்கு அது பெரிய தொகை. காலேஜிலே மரியாதை, மடத்திலே மதிப்பு, மாணாக்கர்களிடம் நல்ல பெயர். இனி இப்படியே பாடம் சொல்லிக்கொண்டு முப்பது வருஷத்தைக் கடத்தியிருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நம்மவர் பாஷையில், அவர் 'செட்டில்' ஆகிவிட்டவர்.

அந்தச் சமயத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்பவர் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார். தேசிகர் சொன்னதன் பேரில் ஐயர் அவரைப் பார்க்கப் போனார். யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்று முதலியார் விசாரித்தார். பிள்ளையவர்களின் பெயரைக் கேட்டும் அவர் முகத்தில் மலர்ச்சி ஏற்படவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். இவ்வளவு பெரிய ஜாபிதாவைக் கேட்டால் எப்பேர்ப்பட்டவரும் வியந்து போவார் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. முதலியாரோ இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்ற தோரணையில் பேசிவிட்டு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று அவர் சொன்ன நூல்களைத் தாமும் படித்ததில்லை, தம் ஆசிரியரும் படித்ததில்லை என்பதை ஐயர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனாலும் புஸ்தகம் கிடைத்தால் படித்துவிட முடியும் என்று தைரியமாகச் சொன்னார். பிறகு முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

இந்தச் சந்திப்பில் நான் கவனிப்பது ஒன்று உண்டு. ஐயருக்கு அன்று ஏற்பட்டது ஆனந்தமன்று, மனத்தாங்கல். தமிழ்க் கல்விக்கு இந்த மனிதர் மரியாதை கொடுக்கவில்லையே என்று முதலில் அவர் உள்ளம் கூசத்தான் செய்தது. ஆர்வம் இனிய குரலில் அழைக்கும், அழைத்த மாத்திரத்திலே நமக்கும் அடையாளம் தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்திருப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். பல சமயங்களில் அது நம் கர்வத்தின் மேல் விழும் சிறு அடியாகவே முதலில் வருகிறது. அந்த அடியைப் பொருட்படுத்தாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் அத்துடன் காரியம் முடிந்தது.

சிந்தாமணியைப் பிரித்துப் பார்த்த பிறகும் ஐயருக்குத் தெளிவு உடனே பிறந்துவிடவில்லை. நச்சினார்க்கினியர் உரையிலே மேற்கோள்கள் எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டன என்பது தெரியவில்லை. ஜைன சமயத்துக்குரிய பரிபாஷைச் சொற்கள் விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே ஜைனர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்கள் வீட்டைத் தேடிப் போனார். வாசலிலே தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்துவந்தது அன்று பூர்த்தியாயிற்று, அதற்காகவே கொண்டாட்டம் என்றார்கள். தமக்குச் சொல்லிக் கொடுப்பாரே இல்லையென்று எண்ணி மயங்கிக்கொண்டிருந்த நூலை, அதே ஊரிலே, சில தெருக்கள் தள்ளி, ஒரு வீட்டார் பக்தியோடு படித்து முடித்து விழாக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்! அவர்களிடம் மாணாக்கரைப் போல உட்கார்ந்து சந்தேகம் கேட்டுக் கற்றுக்கொண்டு, ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, 1887இல் அவர் சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஏழு வருஷம். அதன் பின் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஆர்வம் உழைப்பைத் தந்ததா, உழைப்பு ஆர்வத்தைத் தந்ததா என்று கேட்டால், முதல் சில வருஷங்களிலேனும் உழைப்பே முந்தியது என்றுதான் நான் சொல்வேன்.

ஆர்வம் வெளியிலிருந்தே வருகிறது என்பதற்குச் சென்ற நூற்றாண்டிலும் உதாரணம் உண்டு. ஐராவதம் மகாதேவன் 1954இல் ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்தவர்; குகைகளில் வெட்டப்பட்டிருக்கும் பிராமி எழுத்துக்களைப் பற்றிச் சரித்திராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் எடுத்துச் சொன்னதே அவரை அந்தத் துறையில் இழுத்துவிட்டது. அரசாங்கக் கோப்புக்களுக்கிடையே தொடங்கிய அந்த ஆராய்ச்சியின் பெருநூல் 2003இல் வெளிவந்தபோது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். வை. மு. கோதைநாயகி அம்மாளோ ஐந்து வயதிலேயே மணம் செய்து கொடுக்கப்பட்டவர், பள்ளிக்கூடம் அறியாதவர், ஆரம்பத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர் பட்டம்மாள் என்ற தோழி. பின்னாளில் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிய அந்த அம்மாளின் புகழை நாம் அறிவோம். அந்தத் தோழியின் கையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இடைசெவலில் சம்சாரியாக இருந்து, விவசாயிகள் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறையும் கண்டு, முப்பத்தைந்து வயதை ஒட்டிக் கதை எழுதத் தொடங்கிய கி. ராஜநாராயணனுக்கு, அதே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமியின் சிநேகம் இருந்தது.

இப்போது நம்முடைய சமூகத்தைப் பாருங்கள். பதினேழு வயதுப் பையனை நிற்க வைத்து, என்ன படிக்கப் போகிறாய், என்ன ஆகப் போகிறாய் என்று தெருவே கூடிக் கேட்கிறது. அவனுக்கோ உலகம் தெரியாது. நாற்பது வயதில் அவனுக்கு உலகமும் தெரிந்து, தன் சக்தியும் தெரிந்து, ஏதேனும் செய்ய வேண்டுமென்ற தவிப்பும் ஏற்பட்டிருக்கும்போது அவனைக் கேட்பார் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியிலே பக்கத்து இலைக்காரர், சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையே, எந்த ஆபீஸ், பையன் என்ன படிக்கிறான், பெண்ணுக்கு வரன் பார்க்கிறீர்களா, மனை வாங்கிப் போட்டாயிற்றா என்று கேட்பார். பெண்கள் பக்கத்திலே இந்தக் கேள்விகளும் குறைந்து, நகை விஷயமும் மருமகள் விஷயமுமாக முடிந்துவிடும். தாங்கள் இப்போது என்ன கற்றுக்கொள்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவரைப் பற்றித்தான் சந்தேகப்படுவார்கள்.

இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்று ஒரு ஆட்சேபம் எழும். நியாயமான ஆட்சேபமே. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவரிடம், வீட்டு வேலை, ஆபீஸ் வேலை இரண்டையும் சுமக்கும் பெண்ணிடம், லட்சியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது தயை இல்லாத காரியம். அவர்களுக்கு முதலில் வேண்டியது ஓய்வு. அதை அவர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பு குடும்பத்தையும் முதலாளியையும் சேர்ந்தது. நான் பேசுவது ஓய்வு கிடைத்தும் அதைக் கொண்டு என்ன செய்வதென்று அறியாமல் தவிப்பவர்களைப் பற்றியே.

ஆகவே என் வேண்டுகோள் அவர்களுக்கு மட்டும் உரியதன்று; ஒரு துறையிலேனும் நன்றாகத் தேர்ந்து, ஓய்வு பெற்று, வீட்டில் தினசரிப் பத்திரிகையை இரண்டு தரம் படித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் உரியது. உங்கள் தெருவில் உள்ள நடுவயதுக்காரர் ஒருவரை அழைத்து, என்ன படிக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் மனம் சற்றுக் கோணினாலும் பாதகமில்லை. கையோடு ஒரு புஸ்தகத்தைக் கொடுத்து, அடுத்த வியாழக்கிழமை வந்து இதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அனுப்புங்கள். கொடுக்கப் புஸ்தகம் இல்லையென்று சொல்ல வேண்டியதில்லை. பொது நூலகச் சட்டம் 1948இலேயே நம் மாகாணத்தில் நிறைவேறிவிட்டது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியும் சேர்த்து நாம் கட்டிக்கொண்டுதான் வருகிறோம்.