குழந்தை இல்லையென்றால் குற்றவாளி மனைவி மட்டும்தானா?

திருமணமாகி ஓராண்டு கழிந்தால் போதும், "விசேஷம் ஒன்றுமில்லையா?" என்ற கேள்வி நம் வீடுகளில் மருமகளை நோக்கியே எழுகின்றது. இரண்டாம் ஆண்டில் அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றோம். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ப் பரிசோதனை, லேப்ராஸ்கோபி என ஒவ்வொன்றையும் அவள் தாங்கிக்கொள்கின்றாள். மூன்றாம் ஆண்டில் தலாக் பற்றியும் மறுமணம் பற்றியும் பேசத் தொடங்கிவிடுகின்றோம். இதற்கிடையில் நம் மகன் ஒருமுறைகூட விந்துப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்பது யாரையும் உறுத்துவதில்லை. இது அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

"அவனுக்கென்ன குறை? ஆரோக்கியமாகத்தானே இருக்கின்றான்" என்பர். இங்கேதான் நாம் தவறுகின்றோம். அல்லாஹ் ஆணின் விரைகளுக்கு இரு வேறு பணிகளை அளித்துள்ளான். ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரப்பது ஒன்று. நுண்குழல்களில் விந்தணுக்களை உருவாக்குவது மற்றொன்று. முதற்பணி குறைவின்றி நடந்து, இரண்டாவது பணி நின்றுபோயிருக்கலாம். தாடியும் குரலும் உடல்வலிமையும் தாம்பத்திய ஆற்றலும் நிறைந்த ஒருவரிடம் விந்தணுவே இல்லாதிருப்பதும் உண்டு. விந்து வெளிப்படுவதும் சான்றாகாது. அத்திரவத்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறுவது. விந்தணுக்களோ அதில் மிகச் சிறிய பங்கு. அவை உள்ளனவா என்பதை நுண்ணோக்கியே கூறும்.

விந்தணு உருவாவதற்கு உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குறைவான வெப்பம் தேவை. அதனாலேயே விரைகள் உடலுக்கு வெளியே விதைப்பையில் அமைந்துள்ளன. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 70 நாட்கள் ஆகும். பின்னர், விரையின் மேல் சுருண்டு கிடக்கும், நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும் நுண்குழலில் அது முதிர்ச்சி பெற்று, விந்து நாளத்தை அடைகின்றது. இப்பாதையில் எங்கும் பழுது நேரலாம். விரை நாளங்கள் புடைத்துக்கொள்ளும் வெரிகோசீல், பருவ வயதுக்குப் பின் வரும் பொன்னுக்கு வீங்கி, புகைப்பழக்கம், உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர்கள் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசி ஆகிய அனைத்தும் விந்தணு உற்பத்தியைப் பாதிக்க வல்லவை. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறைபாடும் ஒரு காரணமாக இருக்கின்றது.

வளைகுடாவில் பணிபுரியும் கணவன் இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருகின்றான். ஒரு மாதச் சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களோ ஏறத்தாழ ஆறுதான். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காத நிலையையே மருத்துவர்கள் குழந்தையின்மை என்கின்றனர். நாமோ அவன் கடல் கடந்திருந்த காலத்தையும் அவள் கணக்கில் எழுதுகின்றோம்!

மார்க்கம் என்ன சொல்கின்றது? தான் நாடியோருக்குப் பெண்மக்களையும், நாடியோருக்கு ஆண்மக்களையும் அளிப்பதாகவும், நாடியோரை மலடாக்குவதாகவும் அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50ஆம் வசனங்களில் அல்லாஹ் அறிவிக்கின்றான். "நாடியோரை" என்பது பெண்களை மட்டும் குறிப்பதன்று. ஸகரிய்யா (அலை) அவர்கள் பிள்ளை வேண்டிச் செய்த துஆவை மர்யம் அத்தியாயத்தில் பாருங்கள். மனைவியின் நிலையைச் சொல்லும் முன்பே, தம் எலும்புகள் தளர்ந்ததையும் தலை நரைத்ததையும் அவர்கள் இறைவனிடம் முறையிட்டார்கள். ஒரு நபி தம் நிலையை முதலில் சொன்னார்கள். நாமோ நம் பிள்ளையின் நிலையைப் பேச்சிலும் எடுப்பதில்லை.

"இதையெல்லாம் பேசுவது வெட்கக்கேடு" என்போருக்கு ஒரு பதில். குளிப்புக் கடமை குறித்து நபி (ஸல்) அவர்களிடமே உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் வெளிப்படையாகக் கேட்டுத் தெளிந்தார்கள். ஒரு பெண் கேட்கத் தயங்காததை ஆண் மருத்துவரிடம் ஓர் ஆண் கேட்கத் தயங்குவதா? இந்தத் தயக்கத்தில்தான் விடுதி அறைகளில் முகாமிடும் போலி வைத்தியர்களின் லேகிய வியாபாரம் செழிக்கின்றது.

விந்துப் பரிசோதனைக்கு ஊசியோ அறுவையோ தேவையில்லை. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்தபின் மாதிரி கொடுத்தால் போதும். மனைவியின் துணையுடன் வீட்டிலேயே சேகரித்து ஒரு மணி நேரத்திற்குள் ஒப்படைக்கவும் வழியுண்டு. முறையை ஆய்வகத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். மார்க்க ஐயமிருப்பின் ஆலிமிடம் கேட்கட்டும். குறை தெரிந்தால் அது அவமானமன்று. பல குறைகளுக்கு மருத்துவம் உண்டு. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே.

ஆகவே மாமியார்களே, மாமனார்களே, மருமகளை அழைத்துச் செல்லும் அதே நாளில் மகனையும் அழைத்துச் செல்லுங்கள். ஜமாஅத் பொறுப்பாளர்களே, குழந்தையில்லை என்ற காரணத்துடன் தலாக் வழக்கு வருமாயின், கணவனின் பரிசோதனை அறிக்கை எங்கே என்று முதலில் கேளுங்கள். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்பதை நாம் அறிவோம். அந்தத் துஆ நமக்கு எதிராக எழாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக!